ரப்பர்தான் தேய்ந்திருக்கிறது

லேசர் பிரிண்டரிலிருந்து வெளியே வரும் தாள் சில நொடிகளுக்குக் கையில் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு ஒரு வாசனையும் வரும். உருகிய தூளும் உலர்ந்த காகிதமும் சேர்ந்த வாசனை. போன மாதம் ஒரு மனைக்கான வில்லங்கச் சான்றைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, அதை அச்செடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏறினேன். கடையிலிருந்த பெண் தாளை நீட்டினாள். சூடும் வாசனையும் ஒன்றாக வந்து, கும்பகோணத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையிலிருந்த ஒரு குறுகலான கடைக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. வாலிப வயதின் பெரும்பகுதியை அந்தக் கடையில்தான் கழித்தேன்.

"இந்த மாடல் இன்னும் ஓடுதாம்மா?" என்று கேட்டேன். பழைய கறுப்பு வெள்ளை லேசர். மேல்மூடி மஞ்சள் பூத்திருந்தது.

"இதுதான் சார் ஓடுது. புதுசுதான் படுத்துடுச்சு" என்று மேசைக்கு அடியில் காட்டினாள். துணி போர்த்தி வைத்திருந்த மை டேங்க் பிரிண்டர். இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றனவாம். ஒரு தாளைக்கூட எடுக்கவில்லையாம். "சர்வீஸ்ல கேட்டா, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுங்கங்கிறாங்க. பார்ட்ஸ் மாத்திப் பாக்கலாம்கிறாரு அப்பா. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

எங்கள் கடையில் இந்தக் கேள்வி எழாத வருடமே கிடையாது.

டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முடித்துவிட்டு, அரசு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியுடையது பத்திர எழுத்தர் குடும்பம். அவருடைய அப்பா முத்திரைத்தாளில் பேனாவால் எழுதிய கிரயப் பத்திரங்கள் சுற்றுவட்டாரத்துப் பல வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் இன்னும் இருக்கும். நான்கெல்லை எழுதுவதில் அவருக்கு இணை இல்லை என்பார்கள். மகன் காலத்தில் பேனா போய் டைப்ரைட்டர் வந்தது, பிறகு கம்ப்யூட்டர். 2000ஆம் ஆண்டில் தமிழகப் பதிவுத்துறை 'ஸ்டார்' திட்டத்தைத் தொடங்கி, சார்பதிவாளர் அலுவலகங்களுக்குள்ளே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அலுவலகம் மாறினால் எதிர்வரிசையும் மாறித்தானே ஆக வேண்டும்? மரத்தடியில் ஸ்டூல் போட்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட, வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் போன்ற கடைகளுக்கு வரத் தொடங்கினார்கள்.

முதலில் எங்களிடம் இருந்தது டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ். அது ஓடும்போது கடையே தறி ஓடும் வீடு போல அதிரும். ஊசிகள் ரிப்பனைக் குத்த, ரிப்பன் தாளில் புள்ளி வைக்க, புள்ளிகள் கூடி எழுத்தாகும். 9 ஊசி, 24 ஊசி என்று இரண்டு வகை உண்டு. ரிப்பன் வெளுத்துவிட்டால் புது ரிப்பன் வாங்குவது கடைசிப் பட்சம்தான். கேசட்டின் மூடியைக் கத்தி முனையால் நெம்பி, உள்ளே இருக்கும் பஞ்சு உருளையில் நாலு சொட்டு மை விட்டு, ஓர் இரவு வைத்திருந்தால் மறுநாள் கறுப்பாக அடிக்கும். பள்ளிக்கூட வினாத்தாள் வேலை வந்தால் ரிப்பனையே கழற்றிவிட்டு ஸ்டென்சில் தாளைச் செருகுவோம். ஊசிகள் நேராக மெழுகுத் தாளைக் குத்தி வெட்டும். அதைக் கொண்டுபோய் சைக்ளோஸ்டைலில் சுற்றி எடுப்பார்கள். அந்த வேலைக்குப் பிறகு ஊசி முனைகளில் மெழுகு அடைந்திருக்கும். ஹெட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பதும் என் வேலை. ஓர் ஊசி ஒடிந்தால் எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு ஓடும். அப்போதும் யாரும் புது மெஷின் பற்றிப் பேசியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஹெட் பழுது பார்க்கவென்றே ஆட்கள் இருந்தார்கள். ஒடிந்த ஊசியை எடுத்துவிட்டு வேறு ஊசி கோத்துக் கொடுப்பார்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் உதிரிப் பாகங்கள் குவிந்துகிடக்கும் அந்தத் தெருவை முதன்முறை பார்த்தபோது, உலகத்தில் கெட்டுப்போன எதையும் இங்கே சரிசெய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு லேசர் வந்தது. சத்தம் அடங்கியது, எழுத்து கூர்மையாயிற்று, வாடிக்கையாளர்களுக்குக் கடை மேல் ஒரு மரியாதை வந்தது. எனக்கோ அதன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்தில் செஸ்டர் கார்ல்சனைப் படித்தேன். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்கு நகல் எடுத்து எடுத்துச் சலித்தவர், மூட்டுவலி வேறு. 1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்துள்ள கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளி காட்டினார். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் போய்விட்டது, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் நின்றது. மேலே தூவிய பொடி அங்கே மட்டும் ஒட்டியது. அதை மெழுகுத் தாளில் ஒற்றிச் சூடு காட்டினார். அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் தாளில் பதிந்தன. எங்கள் மேசையிலிருந்த பிரிண்டரும் அடிப்படையில் இதையேதான் செய்தது: மின்னேற்று, ஒளி காட்டு, தூள் ஒட்டு, தாளுக்கு மாற்று, சூட்டில் பதி. நாள் முழுக்கப் பத்திர நகல்களோடு கிடந்த எங்களுக்கு, நகல் எழுதிச் சலித்த ஒருவர் கண்டுபிடித்த வழி அது என்பதில் சொந்தம் கொண்டாடத் தோன்றியது.

இதில் கானான் நிறுவனம் செய்த ஒரு வேலையும் முக்கியமானது. 1982இல் அவர்கள் கொண்டுவந்த சின்ன நகல் இயந்திரங்களில், சீக்கிரம் தேயக்கூடிய ட்ரம், பிளேடு, தூள் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, தீர்ந்ததும் வீட்டுக்காரரே கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1984இல் வந்த எச்பியின் முதல் லேசர்ஜெட்டுக்குள்ளே இருந்ததும் கானான் எஞ்சின்தான். அதன் விலை அன்று 3,495 டாலர். பின்னால் நம் ஊர்க் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருந்த எச்பியின் '12ஏ' கார்ட்ரிட்ஜும் கானானின் '303'உம் இரட்டைப் பிள்ளைகளாக இருப்பதற்கு இந்த உறவுதான் காரணம்.

தேய்வதையெல்லாம் பெட்டியில் அடைத்துவிட்டாலும், பெட்டிக்கு வெளியே தேய்கிற சிலது மிச்சம் இருக்கும். அதற்காக எங்கள் கடைக்கு ஒருவர் வருவார். பெயரைச் சொல்லி அவரை யாரும் அழைத்துக் கேட்டதில்லை. எல்லோருக்கும் சர்வீஸ் அண்ணன். டிவிஎஸ் 50 வண்டியில், முன்னால் ஒரு கறுப்புப் பை. பைக்குள் நீளமான ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், வெள்ளை வேட்டித் துண்டு, ஓர் இரும்பு ஸ்கேல், மடித்த உப்புத்தாள். வந்ததும் மெஷினைத் திறக்க மாட்டார். "ஒரு பேப்பர் எடுத்துக் குடுங்க தம்பி" என்பார். வந்த தாளை வெளிச்சத்தில் பிடித்து, அழுக்குக் கோடோ புள்ளியோ எத்தனை இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுகிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்.

"ஏழரை சென்டிமீட்டர் வருது பாருங்க. அப்ப ட்ரம்முலதான் கீறல். அதோட சுத்தளவு அதுதான். வேற அளவு வந்தா வேற உருளை." அந்தச் சின்ன லேசர்களின் ட்ரம் 24 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு ஒரு முறை கீறல் தாளில் விழும். கணக்குப் பாடத்தில் படித்த பை மதிப்புக்கு இப்படியொரு வேலை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தாள் இழுக்கவில்லை என்று கூப்பிட்டால் அவர் வைத்தியத்தில் ஒரு வரிசை இருந்தது. முதலில் பிக்கப் ரோலரைக் கழற்றி ஈரத்துணியால் துடைப்பார். காகிதத்தின் நுண்தூள் படிந்து ரப்பர் வழவழப்பாகிவிடுவதுதான் பாதி நோய். துடைத்தும் இழுக்காவிட்டால் உப்புத்தாளால் ஒரே சீராகத் தேய்த்து மேல்தோலை எடுப்பார். அதற்கும் மசியாவிட்டால்தான் புது ரோலர். இரண்டு தாள் சேர்ந்து போனால் ரோலரைத் தொட மாட்டார். அதற்கு எதிரே இருக்கும் சின்னப் பேடைப் பார்ப்பார். மேல்தாளை மட்டும் விட்டு, அடித்தாளைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பேடின் வேலை. மாற்றிய பழைய பாகத்தை ஒருபோதும் தன்னோடு எடுத்துக்கொண்டு போனதில்லை. நம் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவச் சொல்லி, அதன் பிறகே காசு வாங்குவார். முதலாளி அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தார். அந்த டப்பா நிறைந்து அடுத்த டப்பாவும் வந்தது.

தூள் நிரப்புகிற நாளில் கடைவாசலில் செய்தித்தாளை விரிப்பார். கார்ட்ரிட்ஜின் பின்னைத் தள்ளி இரண்டாகப் பிரித்து, கழிவுத்தூள் சேரும் பக்கத்தை முதலில் காலி செய்வார். எங்கள் கையும் சட்டையும் கறுத்துவிடும். நான் ஒருமுறை வெந்நீர்ச் செம்பைத் தூக்க, அவர் பாய்ந்து தடுத்தார். "வெந்நீர் ஊத்துனா தூள் உருகிப் பிடிச்சுக்கும் தம்பி. பச்சைத் தண்ணிதான்." தூள் என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருகி ஒட்டுவதற்கென்றே செய்தது. அந்தக் கழிவுத்தூளை அன்று காகிதத்தில் சுற்றித் தெருக்குப்பையில் போட்டோம். எல்லாக் கடைகளும் அப்படித்தான் செய்தன. நாட்டில் மின்கழிவு விதிகள் 2012இல்தான் நடைமுறைக்கு வந்தன. பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் அந்தப் பட்டியலில் உண்டு. காற்றில் பறந்த அந்தக் கறுப்பை, முகக்கவசம்கூட இல்லாமல் எத்தனை ஊர்களில் எத்தனை பேர் சுவாசித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

2004 மகாமகத்தை ஒட்டிய வாரங்களில் கடைக்கு ஓய்வே இல்லை. விடுதி அறிவிப்பு, அன்னதான நோட்டீஸ், பேருந்து நேர அட்டவணை என்று குவிந்த வேலையெல்லாம் ஆஃப்செட்டுக்குப் போக வேண்டும். அதற்கு ட்ரேஸிங் தாளில் கண்ணாடி பிம்பமாக, இடவலம் மாற்றி அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். பிளேட்டில் தூள் பக்கம் ஒட்டி நின்றால்தான் எழுத்து நறுக்கென்று விழும். ட்ரேஸிங் தாளுக்குச் சூடு ஆகாது, சுருண்டுகொள்ளும். ஒரு நாள் மாலை அப்படிச் சுருண்ட தாள் ஃபியூசருக்குள் சுற்றிக்கொண்டு டெஃப்லானைக் கிழித்துவிட்டது. சின்ன லேசர்களின் ஃபியூசருக்குள்ளே ஒரு பீங்கான் சூடேற்றி இருக்கும். அதைச் சுற்றி வெங்காயச் சருகைவிடக் கொஞ்சம்தான் தடிப்பான ஒரு குழாய் சுழலும். டெஃப்லான் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அது கிழிந்தால் எழுத்து பதியாது, விரல் பட்டாலே அழிந்துவரும்.

சர்வீஸ் அண்ணனிடம் கையிருப்பு இல்லை. எஸ்டிடி பூத்திலிருந்து திருச்சிக்குப் போன் செய்தார். அங்கிருந்த கடைக்காரர் பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, கும்பகோணம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார். வண்டி எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, ராத்திரி பஸ் நிலையத்தில் நானும் அவரும் காத்திருந்தோம். கண்டக்டர் டிக்கெட் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கெல்லாம் பாகங்கள் அப்படித்தான் பயணம் செய்தன, மருந்து மாத்திரைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் வந்த அதே வழியில். கண்டக்டருக்கு ஒரு டீக்காசு. நள்ளிரவுக்குப் பிறகு வெள்ளை கிரீஸைத் தடவி டெஃப்லானைப் பொருத்தி, முதல் தாளை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எழுத்து அசையவில்லை. "போதும், படுங்க. காலையில ஓட்டிக்கலாம்" என்றார்.

ஆனால் எனக்கு நெஞ்சடைத்த நாள் வேறு. ஒரு வெள்ளிக்கிழமை. முகூர்த்த நாள். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்துவிட வேண்டும் என்று ஒரு பெரியவர் மகன்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்த பரம்பரை நிலத்தை விற்று மகள் கல்யாணம். முத்திரைத்தாளின் மதிப்பைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். மேலே பாதி முத்திரை அச்சு, கீழே பாதியில்தான் நம் எழுத்து. தடித்த தாள், லேசாக வளைந்த தாள். கைவழிச் செருகலில் வைத்தேன். ரோலர் ஒரு முறை வழுக்கியது, இரண்டாம் முறை கோணலாகப் பிடித்தது, தாள் பாதி உள்ளே போய் நின்றுவிட்டது.

அது கெட்டால் பணம் ஒரேயடியாகப் போய்விடாது. வீணான முத்திரைத்தாளுக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துத் தொகையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த அலைச்சலை, அதுவும் அன்றைய முகூர்த்தத்தை இழந்துவிட்டு, அந்தப் பெரியவர் எப்படித் தாங்குவார்? சர்வீஸ் அண்ணன் பாபநாசத்தில் ஒரு கடையில் இருந்தார். போனில் பேசினார். "பதறாதீங்க தம்பி. கரண்டை நிறுத்துங்க. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் துணி போட்டு மூடுங்க. தாள் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கமே இழுக்கணும். எதிர்ப்பக்கம் இழுத்தா கிழியும். ரெண்டு கையாலயும், ரெண்டு ஓரத்தையும் ஒரே சமமா." பின்கதவைத் திறந்து, அவர் சொன்னபடியே இழுத்தேன். தாள் முழுசாக வந்தது. ஓரத்தில் ஒரு மடிப்பு மட்டும். பெரியவர் அதை வாங்கித் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் நீவி விட்டார். அதே தாளைச் சூடான தேநீர்க் கிளாஸின் அடியால் தேய்த்து நிமிர்த்தி, மறுபடி செருகி அச்செடுத்தோம். பத்தேகாலுக்கு எதிர்ச்சாரிக்குப் போனார்கள்.

அன்று மாலை கடையில் பெரிய விவாதம். முதலாளி புது மெஷினுக்கான விலைப்பட்டியலே வாங்கி வைத்துவிட்டார். "மானம் போயிருக்கும்ப்பா. இனிமே இதை நம்ப முடியாது." சர்வீஸ் அண்ணன் மெஷினைத் திறந்து, ரோலரைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "அண்ணே, இதுல ரப்பர்தான் தேஞ்சிருக்கு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ரப்பருக்காக மெஷினைத் தூக்கிப் போடாதீங்க." ரோலருக்கும் பேடுக்கும் கூலியோடு சேர்த்து ஆன செலவு, புது மெஷின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த மெஷின் அதன் பிறகும் வருடக்கணக்காக எங்களுக்குச் சோறு போட்டது.

அவர் வாய் திறந்தால் பழுதுதான் பார்க்கச் சொல்வார் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஓர் ஐப்பசி இரவில் இடி இறங்கி, கடையிலிருந்த மெஷின்களில் ஒன்றில் லாஜிக் கார்டும் பவர் போர்டும் சேர்ந்து போயின. பழைய கார்டு தேடிப் பிடித்துப் போடலாமா என்று முதலாளியே கேட்டார். அண்ணன் நெடுநேரம் உள்ளே பார்த்துவிட்டு மூடியை மாட்டினார். "போடலாம்ணே. போட்டா ரெண்டு மாசத்துல மறுபடி நான்தான் வருவேன். அந்தக் காசு எனக்கு ஒட்டாது. புதுசு வாங்கிடுங்க. இதுலேர்ந்து ஃபியூசரையும் ரோலரையும் கழட்டி வெச்சுக்குங்க, அடுத்ததுக்கு ஆகும்." செலவு புதுசின் பாதி விலையைத் தாண்டினால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று எல்லாக் கடைகளிலும் அவர் சொல்லி வைத்திருந்தார். எது தேய்ந்தது, எது செத்தது என்ற வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. தேய்ந்ததை மாற்று, செத்ததை விடு. இன்றைக்கு யார் என்னிடம் பிரிண்டர் பற்றிக் கேட்டாலும் நான் சொல்வது அவருடைய கணக்கைத்தான்.

நான் வேறு வேலைக்குப் போன பிறகு உலகம் மை பிரிண்டர் பக்கம் சாய்ந்தது. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கெல்லாம் பிரிண்டர் கிடைத்தது. உள்ளே வரும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்து, கறுப்பும் வண்ணமும் புதிதாக வாங்கப் போனால் அநேகமாகப் பிரிண்டரின் விலையே வந்து நிற்கும். மை தீர்ந்ததற்காக மெஷினையே மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. பழுது பார்ப்பதா, புதிதா என்ற கேள்வியையே அந்த விலைக்கணக்கு அர்த்தமற்றதாக்கிவிட்டது. அது சரியான வியாபாரமாக எனக்கு ஒருநாளும் படவில்லை. தீர்ந்த கார்ட்ரிட்ஜில் மறுபடி நிரப்புவதைத் தடுக்கச் சில்லு வைத்தார்கள். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் கார்ட்ரிட்ஜுகளை நிரப்பி விற்ற இம்ப்ரஷன் ப்ராடக்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மேல் காப்புரிமை வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பொருளை விற்றுவிட்டால் அதன்மேல் விற்றவருக்குள்ள காப்புரிமை அதோடு தீர்ந்தது என்று 2017இல் தீர்ப்பு வந்தது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, கடைவாசலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்த சர்வீஸ் அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

பாகம் இருக்கும், ரப்பர் நன்றாக இருக்கும், ஆனாலும் புது கம்ப்யூட்டரோடு பழைய பிரிண்டர் பேசாது என்ற புதுச் சிக்கலும் வந்தது. சில மலிவு லேசர்கள் தம்மை இயக்கும் நிரலைத் தம்முள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கம்ப்யூட்டரிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். எச்பி லேசர்ஜெட் 1020 அந்த வகை. இப்படிப்பட்ட பிரிண்டர்களை லினக்ஸில் ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் 'ஃபூ2இசட்ஜேஎஸ்' என்று ஒரு டிரைவர் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். நிரலை இப்படி எல்லோருக்கும் திறந்து கொடுக்கும் வழிக்கு ஒரு தூண்டுதலும் பிரிண்டர்தான். எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தபோது ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும்படி பழைய பிரிண்டரின் நிரலை அங்கே மாற்றி வைத்திருந்தார்கள். புதிதில் அதைச் செய்ய மூல நிரல் வேண்டும். அதைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983இல் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அவர் அறிவித்தார். என் பழைய லேசர் ஒன்று இன்றும் லினக்ஸில்தான் உயிரோடு இருக்கிறது.

ஜெராக்ஸ் கடைப் பெண்ணின் மை டேங்க் பிரிண்டருக்கு வருகிறேன். ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த வகை பிரிண்டர்கள் கொஞ்சம் மையை வெளியே துப்பும். அதை உறிஞ்ச அடியில் ஒரு பஞ்சு வைத்திருப்பார்கள். பஞ்சு எவ்வளவு குடித்தது என்பதை மெஷின் ஒரு கணக்கில் எழுதிக்கொண்டே வரும். கணக்கு எல்லையைத் தொட்டதும், மை வழிந்துவிடக் கூடாதென்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். விளக்குகள் மாறி மாறி மின்னுவதற்குப் பல காரணம் இருக்கலாம், இதுவும் ஒன்று என்று சொன்னேன். கடைசியாக எடுத்த தாள்களைக் காட்டச் சொன்னேன். வண்ணம் விடாமல், கோடு விழாமல் நன்றாகவே இருந்தன. அப்படியானால் ஹெட் போகவில்லை. ஹெட் போயிருந்தால் கதை வேறு. இந்த மெஷின்களில் அது விலை கூடிய பாகம், புதுசு வாங்குவதை யோசிக்கலாம். பஞ்சை மாற்றி, கணக்கையும் அழித்துக் கொடுக்கக்கூடிய ஆள் இருக்கிறாரா பார், பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் அழித்தால் மை தரையில் ஓடும் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது பிரிண்டர் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன், யூடியூபில் பார்த்து, புதுப் பஞ்சு வாங்கிவந்து செய்து கொடுத்தானாம். "பழைய பஞ்சைக் காட்டினானாம்மா?" என்று கேட்டேன். "கவர்ல போட்டுக் குடுத்துட்டுப் போனான் சார். கன்னங்கரேல்னு இருந்துச்சு" என்றாள். எனக்கு அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இந்த மாதம் தங்கை மகன் பட்டுக்கோட்டையில் பொதுச் சேவை மையம் தொடங்குகிறான். பிரிண்டர் வாங்க என்னையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனான். முதல் கடையில் நிமிடத்துக்கு எத்தனை தாள், வைஃபை உண்டா, எத்தனை வருட வாரன்டி என்றெல்லாம் சொன்னார்கள். இதற்குப் பிக்கப் ரோலர் தனியாகக் கிடைக்குமா, ஃபியூசர் டெஃப்லான் என்ன விலை, மை மாடல் என்றால் கழிவுப் பெட்டியை நாமே கழற்றலாமா என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். "மாமா, வாங்கும்போதே ரிப்பேர் பேச்சு எதுக்கு?" என்று மருமகன் காதோடு கேட்டான். தினம் ஐந்நூறு தாள் ஓடப்போகிற மெஷின்டா, ரப்பர் தேயாமல் என்ன செய்யும் என்றேன். இரண்டாவது கடையில் நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார். நான் மாடல் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துபோய், அலமாரியிலிருந்து ரோலரையும் பேடையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்து விலையைச் சொன்னார். பிரிண்டரை அவரிடமே வாங்கினோம். ரோலரும் பேடும் ஒரு செட் கூடுதலாகச் சேர்த்துப் பில் போடச் சொன்னேன்.